சஸ்பென்ஷனை உயர்த்திய பழைய எஸ்யூவி: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழிமுறை

பழைய ஆஃப்-ரோடு எஸ்யூவி ஒன்றுக்குப் புதிய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பொருத்தி 40 அல்லது 50 மி.மீ. உயர்த்திய பிறகு, அந்த வண்டி முன்பு செய்யாத எதையாவது செய்யத் தொடங்கினால், புதிதாக வாங்கிய பாகத்தின் மீதுதான் முதலில் சந்தேகம் விழுகிறது. பெரும்பாலும் அந்தச் சந்தேகம் தவறானது. உயரம் மாறும்போது ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கையின் (ஆர்மின்) கோணமும் மாறுகிறது. அந்தக் கோணங்களைச் சரிசெய்யாமல் விட்டது ஒரு காரணம். பல ஆண்டுகளாக ஒரே நிலையில் தேய்ந்து பழகிப்போன புஷ்களும் (இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள்) ஜாயின்ட்டுகளும், புதிய நிலைக்கு வந்ததும் தம் தேய்மானத்தை வெளிக்காட்டுவது இன்னொரு காரணம். இவ்விரண்டையும் அளந்து பார்க்காமல் அடுத்த பாகத்தை வாங்குவதில் பயனில்லை.

முன்பக்கம் சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) உள்ள லேண்ட் குரூசர் 80, நிசான் பேட்ரோல் ஒய்60, ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே போன்ற வண்டிகளையும், முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) உள்ள இரண்டாம் தலைமுறை பஜேரோ போன்றவற்றையும் மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. எந்த அறிகுறியாக இருந்தாலும், தேடலைத் தொடங்கும் முன் நான்கு மூலைகளிலும் ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். டயர்களில் காற்றைச் சரியாக அடித்த பிறகே எதையும் சோதிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு நிற்க வேண்டும்.

நேர்ச்சாலையில் வண்டி அலைகிறது. ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதில்லை

இந்த அறிகுறியில் இரண்டு வேறு பிழைகள் கலந்திருக்கலாம் என்பதால், முதலில் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆளில்லாத திறந்த இடத்தில் மெதுவாக ஒரு வளைவைத் திருப்பி, ஸ்டியரிங்கின் மீதுள்ள பிடியைத் தளர்த்திப் பாருங்கள். அது சோம்பலாகத் திரும்பினாலோ திரும்பவே மறுத்தாலோ கேஸ்டர் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். நன்றாகத் திரும்பியும் நெடுஞ்சாலையில் அலைந்தால், ஸ்டியரிங் பாக்ஸ், டை ராட் எண்ட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை), வீல் பேரிங் ஆகியவற்றில் எங்கோ ஆட்டம் இருக்கிறது.

சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் அது நேராக ஓட விரும்புகிறது. வண்டியில் முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் கிங்பின் அச்சுக்கும் அதே சாய்வு தேவை, அதன் பெயர்தான் கேஸ்டர். லேண்ட் குரூசர் 80, பேட்ரோல் போன்ற வண்டிகளில் முன் ஆக்ஸிலை இரண்டு நீளமான ரேடியஸ் ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. அவற்றின் பின்முனை சேசிஸில் இருக்கிறது. முன்முனை ஆக்ஸிலோடு இரண்டு புஷ்களால் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. சேசிஸ் உயர்ந்தால் பின்முனையும் உயரும், அப்போது ஆக்ஸில் முழுவதும் முன்னோக்கி உருளும். கையின் நீளம் 900 மி.மீ. என்றால், 50 மி.மீ. உயர்வு ஆக்ஸிலைச் சுமார் 3 டிகிரி உருட்டுகிறது. தொழிற்சாலையில் கொடுத்த கேஸ்டரே சில டிகிரிதான் என்பதால், ஏறத்தாழ முழுவதும் காணாமல் போய்விடும். வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில் டோ அளவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு “எல்லாம் சரி” என்று அனுப்பிவிடுவதுண்டு. கேஸ்டர் அளவை இரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

இதைச் சரிசெய்ய, துளை நடுவிலிருந்து விலகியிருக்கும் கேஸ்டர் புஷ், ரேடியஸ் ஆர்மின் பின்முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட், கோணம் திருத்தி வார்க்கப்பட்ட புதிய ஆர்ம் என்று மூன்று வழிகள் உள்ளன. புஷ் மலிவானது, ஆனால் அதன் ஒரு பக்கத்தில் ரப்பர் மெலிந்துவிடுவதால் சீக்கிரம் கிழிகிறது. 50 மி.மீ. வரை அது போதும். அதற்கு மேல் போனால் ஆர்மையோ பிராக்கெட்டையோ மாற்றுவதே சரி என்பது என் கருத்து. பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகட்டை வைக்க வேண்டும். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருந்தால் ஆப்பின் தடித்த முனை பின்னோக்கியும், கீழே இருந்தால் முன்னோக்கியும் இருக்க வேண்டும். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கி, யூ போல்ட்டைத் தளர்த்திவிடும். எஃகு ஆப்பையே பயன்படுத்துங்கள்.

எந்த வழியில் கேஸ்டரைக் கூட்டினாலும் முன் டிஃபரன்ஷியலின் பினியன் முனை (புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே சாய்கிறது, அதனால் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கோணம் மோசமாகிறது. அலைச்சலை நீக்கிய மறுநாளே அதிர்வு தொடங்கியது என்று சொல்பவர்களின் கதை இதுதான்.

ஸ்டியரிங் நேராக நிற்பதில்லை. மேடுபள்ளத்தில் வெட்டி இழுக்கிறது

காயில் ஸ்பிரிங் உள்ள சாலிட் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது பேன்ஹார்டு ராட். அதன் ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்ஸிலில். வண்டியை உயர்த்தும்போது ராடின் சாய்வு கூடுவதால், அது ஆக்ஸிலைச் சேசிஸ் முனையின் பக்கமாக இழுக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பது, ராட் ஏற்கெனவே எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது. 900 மி.மீ. நீளமுள்ள ராட் கிடையாக இருந்த நிலையிலிருந்து 50 மி.மீ. உயர்த்தினால் ஆக்ஸில் 1.4 மி.மீ. மட்டுமே நகரும். அதே ராடின் இரு முனைகளுக்கும் இடையே ஏற்கெனவே 100 மி.மீ. உயர வேறுபாடு இருந்திருந்தால், அதே 50 மி.மீ. உயர்வுக்கு 7 மி.மீ. நகரும். ஒரே கிட்டைப் பொருத்திய இரண்டு வண்டிகளில் ஒன்று கோணலாகவும் மற்றொன்று நேராகவும் நிற்பதற்கு இதுவே போதுமான காரணம். மட்கார்டின் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் டயர் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று அளந்தால் நகர்வு தெரிந்துவிடும். வேறுபாட்டில் பாதிதான் உண்மையான நகர்வு. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பேன்ஹார்டு ராட் இதற்குத் தீர்வு.

ஸ்டியரிங் சக்கரம் மட்டும் கோணலாக நின்றால், அதைக் கழற்றி நேராக மாட்டுவது தவறு. அப்படிச் செய்தால் ஸ்டியரிங் பாக்ஸ் தன் நடுப்புள்ளியிலிருந்து விலகியே வேலை செய்யும், இரு பக்க லாக்கும் (முழுத் திருப்பமும்) சமமாக வராது. ஸ்டியரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் டிராக் லிங்கின் ஸ்லீவைத் திருகி, அதன் நீளத்தை மாற்றியே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் வெட்டினால், வண்டியின் முன்னால் மண்டியிட்டு டிராக் லிங்கையும் பேன்ஹார்டு ராடையும் ஒருசேரப் பாருங்கள். இரண்டும் இணையாகவும் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் இருந்தால், ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது இரண்டும் ஒரே வில்லை வரைகின்றன, ஸ்டியரிங் அசைவதில்லை. டிராக் லிங்கை மட்டும் இறக்குவதற்காகக் கீழே வளைந்த பிட்மன் ஆர்மை (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து டிராக் லிங்கை அசைக்கும் கை) பொருத்தி, பேன்ஹார்டை அப்படியே விட்டுவிட்டால் இணைநிலை கெட்டுவிடும். இறக்கினால் இரண்டையும் இறக்குங்கள், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் முழுவதும் கட்டுக்கடங்காமல் உதறுகிறது

சாலிட் ஆக்ஸில் வண்டிகளில், பாலத்தின் இணைப்பு போன்ற சிறு மேட்டைத் தாண்டியதும் ஸ்டியரிங் இடமும் வலமுமாகப் பலமாக உதறத் தொடங்கி, வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை நிற்காமல் இருப்பது மிகவும் அச்சுறுத்தும் பிழை. அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் உறுதியாகப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

புதிய ஸ்டியரிங் டேம்பர் ஒன்றைப் பொருத்தினால் உதறல் நிற்கும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். சில காலம் நிற்கவும் செய்யும். ஆனால் டேம்பர் உதறலை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. அடியில் தளர்ந்த போல்ட் தளர்ந்தபடியே துளையை அரித்துக்கொண்டிருக்கும். தேடும்போது டேம்பரைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது, அப்போதுதான் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும்.

சோதனையைச் சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே செய்ய வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிய அளவில் விரைவாக இடமும் வலமும் அசைக்கட்டும். இன்னொருவர் வெளியிலிருந்தபடி பேன்ஹார்டு ராடின் இரு முனைகளையும் பார்க்க வேண்டும். முனையைச் சுற்றி விரலை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலில் ‘டக்’கென்று தட்டும். போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே பளபளவென்று தேய்ந்த உலோகமோ, துருப்பொடி கசிந்த கோடோ இருந்தால் அங்கே அசைவு உண்டு என்பது உறுதி. துளை நீள்வட்டமாகிவிட்ட பிறகு போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. தடித்த வாஷரை வெல்டு செய்தோ, துளையைப் பெரிதாக்கித் தக்க அளவு போல்ட்டைப் போட்டோதான் தீர்க்க முடியும்.

பேன்ஹார்டு சரியாக இருந்தால் டை ராட் எண்டுகள், டிராக் லிங்க், ரேடியஸ் ஆர்ம் அல்லது கன்ட்ரோல் ஆர்ம் புஷ்கள் என்று அதே முறையில் தொடருங்கள். பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உதவியாளர் பிரேக்கை மிதித்த நிலையில் மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். கிங்பின் பேரிங்குகளுக்கு ஷிம் வைத்து முன்-இறுக்கம் கொடுக்க வேண்டும். டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைத் திருப்பத் தேவைப்படும் விசையை ஸ்பிரிங் தராசால் அளந்து, கையேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடுவதே சரியான முறை. வீல் பேலன்சிங் பிழை உதறலைத் தூண்டும் பொறி மட்டுமே. ஆட்டமில்லாத முன்பக்கம் பேலன்ஸ் சற்றுப் பிசகிய சக்கரத்தையும் தாங்கிக்கொள்ளும்.

வேகம் கூடும்போது தரை வழியாக ரீங்காரம் அல்லது அதிர்வு

அதிர்வு எதிலிருந்து வருகிறது என்பதை அதன் வேகமே சொல்லிவிடும். 0.76 மீட்டர் விட்டமுள்ள டயர் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 9 சுற்றுகள் சுற்றுகிறது. அதன் பேலன்ஸ் பிழை ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் தனித்தனி அதிர்ச்சிகளாகத் தெரியும். 4.1 விகித டிஃபரன்ஷியல் இருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதே வேகத்தில் நொடிக்கு 38 சுற்றுகள் சுற்றும். யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோணப்பிழை சுற்றுக்கு இருமுறை துடிப்பதால் அது நொடிக்கு 76 துடிப்பாகிறது. அது உதறலாக இல்லாமல் தரையிலும் கியர் கம்பியிலும் ரீங்காரமாகவே உணரப்படும். கிளட்சை மிதித்து எஞ்சின் வேகத்தைக் குறைத்தும் ரீங்காரம் அதே அளவில் நீடித்தால், எஞ்சினை விட்டுவிட்டு ஷாஃப்ட்டைப் பாருங்கள்.

ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒற்றை ஜாயின்ட் இருந்தால், முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போது ஒரு ஜாயின்ட் உண்டாக்கும் வேகமாறுபாட்டை மற்றொன்று சமன்செய்கிறது. கோணம் காட்டும் மானியை ஃபிளாஞ்சுகளின் மீது வைத்து அளந்தால், இரு ஜாயின்ட் கோணங்களுக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை ஜாயின்ட் இருந்தால் விதி மாறும்: இணைநிலை தேவையில்லை, பினியன் முனை புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நோக்கி நேராகப் பார்க்க வேண்டும். இரண்டு விதிகளையும் குழப்பிக்கொண்டு ஆப்புத் தகடு வைத்தவர்களின் வண்டிகள் முன்பைவிட மோசமாக அதிர்கின்றன. பின் ஆக்ஸிலில் பட்டை ஸ்பிரிங் இருந்தால், முறுக்குவிசையில் ஸ்பிரிங் வளைந்து பினியனை மேலே தூக்கும் என்பதால், நிற்கும்போது பினியனை 1 முதல் 2 டிகிரி வரை தாழ்த்தி வைப்பது வழக்கம்.

கோணங்கள் சரியாக இருந்தும் அதிர்வு தொடர்ந்தால், வேலையின்போது ஷாஃப்ட்டின் இரண்டு பாதிகளும் பிரிக்கப்பட்டனவா என்று பாருங்கள். ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே இரு முனை யோக்குகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இல்லாமல் போகும். பிரிக்கும் முன் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருந்தால் இந்தச் சந்தேகமே எழாது.

எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில், அதிர்வு முன் ஷாஃப்ட்டா பின் ஷாஃப்ட்டா என்று பிரிக்க எளிய வழி உண்டு: மைய டிஃபரன்ஷியலுக்கு லாக் இருந்தால், முன் ஷாஃப்ட்டைக் கழற்றி, லாக் போட்டு, சிறிது தூரம் நேராக ஓட்டிப் பாருங்கள். லாக் இல்லாத வண்டியில் இதைச் செய்யக் கூடாது.

ஓட்டம் முன்பைவிடக் கடுமையாக இருக்கிறது

ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்லும் முன், புஷ் போல்ட்டுகள் எந்த நிலையில் இறுக்கப்பட்டன என்று கேளுங்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடு இறுகி நிற்கிறது. கை அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், எல்லா ரப்பரும் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். வண்டி சற்று உயரமாக நிற்கும், விறைப்பாக ஓடும், சில மாதங்களில் புஷ் கிழியும். எல்லாப் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, சிறிது முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, தன் எடையில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் இறுக்கினால், பல வண்டிகளில் குறை அத்தோடு தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால், ஷாக் அப்சார்பரின் பளபளப்பான பிஸ்டன் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகச் சுற்றி, உடலோடு ஒட்டும்படி கீழே தள்ளி வையுங்கள். வழக்கமான சாலையில் ஓட்டி வந்த பிறகு டை தண்டில் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பதே, அந்த மூலை எவ்வளவு அமுங்கியது என்பதன் பதிவு. கடுமையாக உணரப்பட்டும் டை கொஞ்சமே நகர்ந்திருந்தால், ஸ்பிரிங் உங்கள் சுமைக்கு மிகையானது. எஃகு பம்பரும் வின்ச்சும் பின்னாளில் வரும் என்று நம்பி, கனமான ஸ்பிரிங்கை முன்கூட்டியே வாங்கியவர்களுக்கு இது நேர்கிறது. ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது, எடைமேடையில் ஆக்ஸில் வாரியாக நிறுத்துப் பார்த்த உண்மையான எடைக்கு. டை மேல்முனை வரை ஏறியிருந்தால் நிலைமை நேர்மாறு: மென்மையான ஸ்பிரிங் அடிமட்டம் வரை அமுங்கி, பம்ப் ஸ்டாப்பில் (ஆக்ஸில் மேலும் மேலே போகாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) மோதுவதைத்தான் கடுமை என்று உணர்கிறீர்கள். தண்டு உறையால் மூடியிருந்தால், பம்ப் ஸ்டாப்பில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி வைத்தும் இதை அறியலாம்.

புதிய ஸ்பிரிங்கும் பழைய ஷாக்கும் சேர்ந்தால் கடுமைக்குப் பதில் துள்ளல் வரும். கரடான சாலையில் நெடுநேரம் ஓட்டிய உடனே நான்கு ஷாக்குகளின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிட்டுப் பாருங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். ஷாக்கின் வேலை அசைவை வெப்பமாக்குவது என்பதால், தன் இணையைவிடக் குளிர்ந்திருப்பதுதான் பழுதானது.

டார்ஷன் பார் வண்டிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அட்ஜஸ்டர் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை உயர்த்தும்போது பாரின் விறைப்பு கூடுவதில்லை, நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது. மேலே கிடைத்த ஒவ்வொரு மி.மீ.யும் கீழே தொங்கும் பயணத்திலிருந்து கழிக்கப்படுகிறது. மிகையாக முறுக்கினால் சின்னப் பள்ளத்திலேயே மேல் ஆர்ம் தன் கீழ்நிலை ஸ்டாப்பில் மோதி ‘டொப்’பென்று ஒலிக்கும், சிவி ஜாயின்ட்டின் கோணம் கூடி அதன் ரப்பர் உறை கிழியும். வண்டி நிற்கும்போதே அந்த ஸ்டாப்புக்கும் ஆர்முக்கும் இடையே விரல் நுழைய இடமில்லை என்றால், போல்ட்டைத் தளர்த்துவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

சில கிட்டுகளில் இடம், வலம் ஸ்பிரிங்குகளின் நீளம் வேண்டுமென்றே வேறுபடும். முதலில் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். பிறகு ஒரே ஆக்ஸிலின் இரு ஸ்பிரிங்குகளையும் இடம் மாற்றுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங்தான் காரணம். மாறாவிட்டால் எரிபொருள் டாங்க் இருக்கும் பக்கம், இறுகிய புஷ், வளைந்த ஸ்பிரிங் இருக்கை ஆகியவற்றைப் பாருங்கள். முன்பக்கச் சாய்வுக்குப் பின்பக்கம் காரணமாக இருப்பதும் உண்டு.

பிரேக் பிடிக்கும்போது மூக்கு அதிகமாகக் குத்துகிறது. நிற்கும் தூரம் கூடிவிட்டது

இதைத் தள்ளிப்போடக் கூடாது. பல பழைய எஸ்யூவிகளில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை, சுமையை உணரும் வால்வு ஒன்று கட்டுப்படுத்துகிறது. அது சேசிஸில் இருக்கும். ஒரு கம்பி அதைப் பின் ஆக்ஸிலோடு இணைத்திருக்கும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். 50 மி.மீ. உயர்த்திய வண்டியை அந்த வால்வு எப்போதும் காலி வண்டியாகவே கருதுவதால், பின் பிரேக் தன் பங்கைச் செய்வதில்லை. கம்பியின் ஆக்ஸில் முனை பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்குத் தக்கபடி மேலே ஏற்றி, கையேட்டின்படி அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். வால்வை முற்றிலும் நீக்கிவிடும் யோசனையை நான் ஏற்கவில்லை. ஈரச்சாலையில் காலி வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முன்பே லாக்காகிவிடும்.

அடியில் இருக்கும்போதே ஆக்ஸிலை முழுமையாகத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஆக்ஸிலின் காற்றுக்குழாய் ஆகியவை இழுபடுகின்றனவா என்று பாருங்கள். ஹோஸ் விறைத்து நின்றால் நீளமானதைப் போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

டயர் உரசுகிறது, அடியில் தட்டும் ஒலி கேட்கிறது

உயர்த்திவிட்டதால் பெரிய டயருக்கு இடம் கிடைத்துவிட்டது என்பது பாதி உண்மை. பழைய பம்ப் ஸ்டாப் அப்படியே இருந்தால், ஆக்ஸில் முழுமையாக அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கே போகும், அப்போது மட்கார்டைத் தொடும். உரசல் அமுங்கும்போது வந்தால் பம்ப் ஸ்டாப்பை நீளமாக்குங்கள். முழு லாக்கில் ரேடியஸ் ஆர்மைத் தொட்டால் ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைச் சற்று வெளியே எடுங்கள்.

தட்டும் ஒலி பள்ளத்தில் சக்கரம் இறங்கும் கணத்தில் மட்டும் வந்தால், ஷாக் குட்டையாக இருந்து மேல்முனையில் முட்டுகிறது என்று பொருள்; உயர்த்திய அளவுக்கு நீளமான ஷாக் தேவை. எல்லா மேட்டிலும் வந்தால் ஸ்டெபிலைசர் பார் லிங்க்கையும் ஷாக் புஷ்களையும் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் வேறெதையும் தொடும் முன் யூ போல்ட்டுகளுக்கு ரெஞ்சைப் போடுங்கள். புதிய பட்டைகள் படிந்து உட்காரும்போது அவை தளர்வது இயல்பு, ஆகவே முதல் 500 கி.மீ.க்குள் ஒருமுறை மீண்டும் இறுக்க வேண்டும். கழற்றிய யூ போல்ட்டை மறுபடி பயன்படுத்தியிருந்தால் அதன் மரை ஏற்கெனவே நீண்டிருக்கும். எத்தனை முறை இறுக்கினாலும் நிற்காது, புதியதை வாங்கிப் போடுங்கள்.